திரையிற் கட்டும் கோட்டையும் சித்தத்திற் கட்டும் கோட்டையும்



கணினித் திரையில் கோட்டை கட்டி, குடிகளை அமர்த்தி, படை திரட்டி ஆளும் விளையாட்டு ஒரு பௌத்தனுக்குத் தகுமா, தகாதா? வந்தனை முடிந்து மக்கள் கலையும் வேளையில் பெற்றோர் பலர் நம்மிடம் கேட்கும் கேள்வி இது. “பகலெல்லாம் வேலை, இரவெல்லாம் கோட்டை, பிள்ளை எந்த உலகத்தில் இருக்கிறான் என்றே தெரியவில்லை ஐயா” எனத் தாய்மார் முறையிடுகின்றனர். பிள்ளைகளோ, “நாங்கள் குடிக்கவில்லை, சூதாடவில்லை, யாரையும் அடிக்கவில்லை, இதில் என்ன பாவம் ஐயா?” எனக் கேட்கின்றனர். தகும் என்றோ தகாது என்றோ ஒரு சொல்லை இரு திறத்தாரும் எதிர்பார்க்கின்றனர்.

அச்சொல்லைச் சொல்லி அனுப்பிவிடுதல் எளிது. ஆனால் அது நமது நெறியன்று. பெரியோர் சொன்னார் என்பதற்காக ஒன்றைக் கொள்ளாமலும், பழக்கமில்லாதது என்பதற்காக ஒன்றைத் தள்ளாமலும், அது மனத்தை எங்கே இட்டுச் செல்கிறது என்று தாமே கண்டு தெளியும்படி பகவான் காலாமர்களுக்கு அறிவுறுத்தினார். ஆதலின் முதலில் அவ்விளையாட்டு யாது என்று காண்போம். அது ஏன் இளைஞரைப் பிணிக்கிறது என்று ஆராய்வோம். அதன்பின் தீர்ப்புக்கு வருவோம்.

விளையாட்டின் இயல்பு

இவ்வகை விளையாட்டுகள் நேற்று முளைத்தவை அல்ல. 1991-ஆம் ஆண்டிலேயே ‘காசில்ஸ்’ என்னும் பெயரில் ஒன்று வெளிவந்தது. 1999-இல் வந்த ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’ இரண்டாம் பாகம் உலகெங்கும் பரவிற்று. 2001-இல் இங்கிலாந்தைச் சேர்ந்த ஃபயர்ஃபிளை நிறுவனத்தார் ‘ஸ்ட்ராங்ஹோல்டு’ என்பதை வெளியிட்டனர். அடுத்த ஆண்டே சிலுவைப் போர்களைக் களமாகக் கொண்ட அதன் தொடர்ச்சியும் வந்தது. ஏறத்தாழக் கால் நூற்றாண்டு கடந்தும் இதன் மோகம் தணியவில்லை. 2023-இல் முதல் விளையாட்டைப் புதுக்கி மீண்டும் வெளியிட்டனர். நம் ஆராய்ச்சிக்கு இந்த ஒன்றையே எடுத்துக்கொள்வோம்.

காலம் ஐரோப்பாவின் இடைக்காலம், களம் இங்கிலாந்து. ஆடுகிறவன் ஒரு பிரபு. தொடக்கத்தில் அவனுக்கு இருப்பது ஒரு மாளிகையும், அதன் முன்னே எரியும் ஒரு நெருப்புமே. அந்நெருப்பைச் சுற்றி வேலையற்ற குடியானவர் சிலர் நிற்கின்றனர். மரம்வெட்டியின் குடிலைப் பிரபு ஓரிடத்தில் வைத்தால், அவர்களுள் ஒருவன் எழுந்து சென்று மரம் வெட்டத் தொடங்குகிறான். மரம் சேர்ந்தால் கோதுமை வயல் அமைக்கலாம். வயலில் விளைந்தது மாவு ஆலைக்குப் போகும். மாவு ரொட்டி சுடுபவனிடம் போகும். ரொட்டி களஞ்சியத்துக்கு வரும். அதிலிருந்து குடிகள் உண்பர். மலையிலே கல்லுடைப்பர், எருதுகள் அதைச் சுமந்து வரும், மதில் எழும். பின்னர்ப் பகைவன் வருவான். மதில் தாங்கினால் பிரபு வென்றான். பிரபு மாண்டால் ஆட்டம் முடிந்தது.

கவர்ச்சியின் வேர்

இளைஞரை ஈர்ப்பது போர்வெறி என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் முழு உண்மையன்று. பகைவரே இல்லாமல் கட்டிக்கொண்டே இருப்பதற்கென்று அவ்விளையாட்டில் தனிப் பிரிவு ஒன்று உண்டு. அதிலேயே பல மணி நேரம் மூழ்கியிருப்போரும் உளர். சண்டையில் அடங்காத ஓர் இன்பம் இதில் இருக்கிறதென்பது இதனால் விளங்கும். அவ்வின்பத்துக்கு மூன்று வேர்கள் உள்ளன என்பது நமது கருத்து.

முதல் வேர், காரணமும் காரியமும் கண்ணெதிரே தெரிவது. உலக வாழ்வில் ஒருவன் முப்பது ஆண்டு உழைத்தும் அதன் பலன் எங்கே போயிற்று என்று அறியாமல் நிற்கிறான். மனுக் கொடுக்கிறான், விடை வருவதில்லை. படிக்கிறான், வேலை கிட்டுவதில்லை. திரையிலோ விதைத்த கோதுமை ரொட்டியாகிக் களஞ்சியத்தில் விழுவதைக் காண்கிறான். வயலுக்கும் ஆலைக்கும் இடையே தூரம் மிகுந்தால் ரொட்டி குறைகிறது. இடத்தை மாற்றினால் கூடுகிறது. ஒன்றைச் சார்ந்து ஒன்று தோன்றும் என்று நாம் மேடையில் சொல்வதை அவன் அங்கே கையால் தொட்டு அறிகிறான். இதில் இழிவு ஒன்றும் இல்லை. காரியத்துக்குக் காரணம் தேடும் மனம் தம்மத்தின் வாயிலில் நிற்கும் மனமன்றோ!

இரண்டாம் வேர், மதில். உலகம் அச்சம் தருவது. உள்ளே ரொட்டியும் நெருப்பும் இருக்க, வெளியே ஓநாயும் பகைவனும் இருக்க, இடையே தான் எழுப்பிய கற்சுவர் ஒன்று நிற்பதைக் காணும்போது மனம் ஆறுதல் கொள்கிறது. ஊராரின் மதிலுக்கு வெளியே குடிசை போட்டு வாழ வைக்கப்பட்ட மக்களின் வழிவந்தோருக்கு இவ்வாறுதல் எத்துணை இனிது என்பதை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

மூன்றாம் வேர், மேலிருந்து பார்க்கும் பார்வை. ஆடுகிறவன் வானத்திலிருந்து பார்க்கிறான். அவன் பசிப்பதில்லை, களைப்பதில்லை, கல் சுமப்பதில்லை. சுட்டிக்காட்டுகிறான், நடக்கிறது. மற்ற இரண்டு வேர்களில் நன்மையும் உண்டு. இந்த மூன்றாவதே நாம் விழிப்புடன் நோக்க வேண்டியது.

இது கொலையாகுமா?

பெற்றோர் முதலில் கேட்பது, திரையில் வீரர்களை வீழ்த்துவது முதற்சீலத்தை மீறுவதாகுமா என்பது. நம் ஆசாரியர்கள் கொலைக்கு ஐந்து உறுப்புகள் கூறியுள்ளனர்: உயிர் ஒன்று இருத்தல், அது உயிர் என்று அறிதல், கொல்லும் எண்ணம், அதற்கான முயற்சி, அதனால் சாவு நேர்தல். திரையில் உயிர் இல்லை. அஃது உயிரன்று என்பதை ஆடுகிறவனும் அறிவான். ஆகவே சீலம் முறியவில்லை. இல்லாத பாவத்தை இருப்பதாகச் சொல்லிப் பிள்ளைகளை மிரட்டுதல் நமக்கு அழகன்று. அவ்வாறு மிரட்டும் மதத்தை விட்டல்லவா நாம் வெளியே வந்தோம்!

எனினும், கம்மத்தின் உயிர்நாடி சேதனை, அதாவது எண்ணத்தின் நாட்டம், என்பது பகவானின் போதனை. எந்த எண்ணம் திரும்பத் திரும்ப உழப்படுகிறதோ அதுவே மனத்தில் சாலாக விழுகிறது. ஆகையால் கேட்க வேண்டிய கேள்வி, ‘யார் இறந்தார்?’ என்பதன்று, ‘ஆடுகிறவனின் மனத்தில் எது வளர்கிறது?’ என்பதே.

விளையாட்டுகளைப் பற்றித் திரிபிடகத்தில் பேச்சே இல்லை என்று எண்ணவேண்டா. தீக நிகாயத்தின் முதற்சூத்திரமாகிய பிரம்மஜால சூத்திரத்தில், துறவிக்கு ஆகாத விளையாட்டுகள் ஒரு நீண்ட வரிசையாகச் சொல்லப்படுகின்றன. எட்டுக் கட்டப் பலகையும் பத்துக் கட்டப் பலகையும் அதில் வருகின்றன. சிறுவர் ஏர், ஓலைக் காற்றாடி, சிறு வண்டி, சிறு வில் ஆகியனவும் வருகின்றன. ஏரும் வண்டியும் வில்லும் இன்று திரைக்குள் புகுந்தன, அவ்வளவே வேறுபாடு. அவ்விதி பிக்குவுக்குரியது, இல்லறத்தானுக்கு அன்று. இல்லறத்தானாகிய சிகாலனுக்குப் பகவான் செல்வம் அழியும் ஆறு வாயில்களைக் காட்டியபோது சூதையும் சோம்பலையும் அவற்றுள் வைத்தார். விடிய விடியக் கோட்டை கட்டி, விடிந்தபின் வேலைக்குப் போக இயலாது படுத்திருப்பவன் அந்த ஆறாம் வாயிலில்தான் நிற்கிறான்.

இன்னும் நுட்பமாக ஓரிடத்தில் பகவான் இதைத் தொட்டுள்ளார். ராதர் என்னும் பிக்குவுக்குச் சொன்ன போதனையில் புழுதியில் வீடு கட்டி விளையாடும் சிறுவர் சிறுமியர் வருகின்றனர். நம் தமிழ் முன்னோர் அதைச் சிற்றில் என்றனர். அவ்வீட்டின்மீது பற்று இருக்கும்வரை குழந்தைகள் அதைக் காத்து, தமது என்று கொண்டாடுகின்றனர். பற்று விட்டபோது தம் கையாலும் காலாலும் கலைத்துவிட்டு எழுந்து போகின்றனர். பகவான் குழந்தைகளை வையவில்லை. கட்டியதைக் குற்றம் என்றும் சொல்லவில்லை. உடலும் உணர்வும் நான் என்று பற்றியிருப்போருக்கு, கலைத்துவிட்டு எழும் அந்தக் கணத்தையே பாடமாகக் காட்டினார். கோட்டை விளையாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான அளவுகோல் வேறில்லை. எழுந்து போக முடிகிறவனுக்கு அது சிற்றில். எழ முடியாதவனுக்கு அது சிறை.

ஆட்சியின் கணக்கு

இனி அம்மூன்றாம் வேருக்கு வருவோம். அவ்விளையாட்டில் குடிகளின் மனநிலை ஓர் எண்ணாகக் காட்டப்படுகிறது. அவ்வெண் ஐம்பதுக்குக் கீழே இறங்கினால் குடிகள் கோட்டையை விட்டு நீங்கத் தொடங்குவர். உணவின் அளவைக் கூட்டினால் அவ்வெண் ஏறும், குறைத்தால் இறங்கும். வரியை ஏற்றினால் இறங்கும். மதுக்கடை திறந்து பானம் ஊற்றினால் ஏறும். தேவாலயம் கட்டிப் பாதிரியாரை ஆசீர்வதிக்கச் செய்தால் ஏறும். பூந்தோட்டம் வைத்தால் ஏறும். ஆயினும் மக்கள் சற்று மெத்தனமாக உழைப்பர். தூக்குமரமும் நிலவறைச் சிறையும் நாட்டினால் இறங்கும். ஆயினும் அச்சத்தால் வேகமாக உழைப்பர்.

அன்பர்களே, இக்கணக்கைச் சற்று ஊன்றிப் பாருங்கள். வயிற்றைக் குறைத்து வரியை ஏற்றிவிட்டு, மதுவாலும் மதத்தாலும் அக்குறையைச் சரிக்கட்டலாம் என்பதை எவ்வளவு வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறது! அரண்மனைகளில் மறைவாகப் போடப்பட்ட கணக்கைப் பதினாறு வயதுப் பிள்ளையின் கையில் கொடுத்துவிடுகிறது. தன் தெருவில் பள்ளிக்கூடத்துக்கு முன்னே மதுக்கடை ஏன் வந்தது, வேலை கேட்டபோது திருவிழா ஏன் வந்தது என்று அப்பிள்ளை எண்ணத் தொடங்கினால், அவ்விளையாட்டால் அவனுக்கு ஊதியமே.

ஆனால் எண்ணாமல் ஆடினால் நேர்வது வேறு. தூக்குமரம் அவனுக்கு ஒரு கருவியாகிவிடுகிறது. ‘இரண்டு தூக்குமரம் நாட்டினால் ரொட்டி எவ்வளவு கூடும்?’ என்று கணக்கிடப் பழகுகிறான். சக்கவத்தி சீகநாத சூத்திரத்தில் வரும் அரசன் ஒருவன் நாட்டைக் காத்தான், ஆனால் வறியோருக்குப் பொருள் கொடுக்கவில்லை. வறுமை பரவிற்று, வறுமையால் திருட்டு பிறந்தது. திருடியவனின் தலையை அரசன் பறையறைந்து வெட்டச் செய்தான். அதைக் கண்ட மக்கள் தாமும் ஆயுதம் செய்துகொண்டனர், கொலை பெருகிற்று. தண்டனையை நாட்டி அமைதியை அறுக்க முடியாதென்பதே அச்சூத்திரத்தின் கணக்கு. திரையின் கணக்கில் இந்த வரி எழுதப்படவில்லை.

சாத்தனாரின் மணிமேகலையில் ‘சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆக்கிய காதை’ என்றே ஒரு காதை உண்டு. அமுதசுரபி ஏந்திப் பசித்தோரை ஊட்டிய மணிமேகலையிடம் சோழ மன்னன் ‘என்ன வேண்டும்?’ எனக் கேட்க, சிறைச்சாலையை அறச்சாலையாக்குமாறு வேண்டினாள், அவ்வாறே ஆக்கப்பட்டது. தமிழ்ப் பௌத்தம் அரசனிடம் கேட்ட வரம் அது. தூக்குமரம் நாட்டும் பிள்ளைக்கு இக்கதையை யார் சொல்லியிருக்கிறோம்?

திரை காட்டாதது

அக்காலத்து உண்மைக் கோட்டைகளையும் சிறிது பார்ப்போம். இங்கிலாந்து மன்னன் முதலாம் எட்வர்டு வேல்ஸ் நாட்டை அடக்கிய பின், அதை அடக்கியே வைத்திருப்பதற்காகக் கான்வி, கார்நார்வன், ஹார்லெக் முதலிய கோட்டைகளை 1283 முதல் எழுப்பினான். 1295-இல் ஆங்கிள்சீ தீவில் பியூமாரிஸ் கோட்டை தொடங்கப்பட்டது. மதிலுக்குள் மதிலாக, நான்கு புறமும் ஒத்த வடிவில் வகுக்கப்பட்ட அக்கோட்டையைக் கண்டு இன்றும் கட்டடக் கலைஞர் வியக்கின்றனர். 1986-இல் யுனெஸ்கோ அதனை உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் சேர்த்தது. அதை வகுத்த தலைமைக் கல்தச்சர் ஜேம்ஸ் ஆஃப் செயின்ட் ஜார்ஜ்.

அவரும் அவருடன் பணிசெய்த அலுவலர் ஒருவரும் 1296-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அரசக் கருவூலத்துக்கு எழுதிய கடிதம் கிடைத்துள்ளது. 400 கல்தச்சர், 2,000 கூலியாட்கள், 200 கல்லுடைப்போர், 30 கொல்லர்களும் தச்சர்களும் தேவைப்படுவதாக அதில் கணக்குக் கொடுக்கின்றனர். கூலி பாக்கி நிற்கிறது, உண்ண வழியின்றி ஆட்களை நிறுத்திவைப்பது அரிதாயிருக்கிறது என்றும் முறையிடுகின்றனர். பணம் வற்றியது, கோட்டை முழுதும் முடியாமலே நின்றுவிட்டது. மதில் எழுந்த இடத்தருகே லான்வைஸ் என்றோர் ஊர் இருந்தது. அவ்வூர் மக்கள் பெயர்த்தெடுக்கப்பட்டு, தீவின் மறுபுறத்தில் நியூபரோ என்ற புதிய இடத்தில் குடியேற்றப்பட்டனர். கோட்டையை ஒட்டி எழுந்த நகரங்கள் ஆங்கிலேயக் குடியேறிகளுக்கென்று வகுக்கப்பட்டவை. அந்நாட்டு மக்களாகிய வெல்ஷ்காரர்க்கு அங்கே நகரவாசியின் உரிமை மறுக்கப்பட்டது. மதிலுக்கு உள்ளே யார், வெளியே யார் என்று பிரிக்கும் வழக்கம் நம் நாட்டில் மட்டும் விளைந்த பயிரன்று போலும்!

திரையிலுள்ள குடியானவன், பிரபுவைப் பிடிக்காவிட்டால் நடந்து போய்விடுகிறான். இடைக்கால இங்கிலாந்தின் பண்ணையடிமைக்கு அவ்வுரிமை இருந்ததில்லை. பிரபுவின் இசைவின்றி அவன் நிலத்தை விட்டு நீங்கலாகாது. மகளுக்கு மணம் முடிக்கப் பிரபுவுக்குப் பணம் கட்டவேண்டும். தன் தானியத்தைப் பிரபுவின் ஆலையிலேயே அரைத்து அதற்கும் கூலி தரவேண்டும். 1381-இல் தலைவரி பொறுக்க முடியாமல் அம்மக்கள் கிளர்ந்தெழுந்தபோது, லண்டன் கோட்டைக்குள்ளேயே தடுப்பாரின்றிப் புகுந்தனர். உள்ளிருந்த பேராயரையும் கருவூலத் தலைவரையும் கொன்றனர். அக்கொலையை நாம் போற்றமாட்டோம். பகையால் பகை தணிந்ததில்லை. ஆனால் அநீதி உள்ளே இருக்கும்போது எத்துணை உயர்ந்த மதிலும் காவாது என்பதற்கு அது சான்று.

திரை காட்டாத இன்னொன்றும் உண்டு. அதைச் சொல்ல நமக்கு ஏட்டறிவு வேண்டியதில்லை. விளையாட்டில் கல்லுடைப்பவன் ஒருவன் மாண்டால் பிரபுவுக்குக் கவலையில்லை. நெருப்பருகே வேறொருவன் வந்து நிற்கிறான்; அவன் அவ்வேலைக்குப் போய்விடுகிறான். இதை முதன்முதல் கண்டபோது நமக்கு ஆலையின் வாயில் நினைவுக்கு வந்தது. நாம் தறிமுன் நின்ற ஆண்டுகளில், ஒவ்வொரு நாளும் சங்கு ஊதுமுன் பதிலித் தொழிலாளர் வாயிலருகே கூடி நிற்பர். உள்ளே எவரேனும் வராமற்போனால் வெளியே நிற்பவனுக்கு அன்று வேலை. வராதவன் ஏன் வரவில்லை என்று மேசைக்குப் பின்னால் இருந்தவர் கேட்டதில்லை. தறி ஓடினால் போதும். வாயிலில் நின்றவன் உள்ளே இருப்பவனின் நோயைத் தன் சோறாக எண்ணும்படி வைக்கப்பட்டான். அதுதான் அவ்வேற்பாட்டின் பெருங்கொடுமை. மேலிருந்து பார்ப்போருக்கு அது தெரியாது. மேலிருந்து பார்த்தால் தெரிவது ஓர் எண்ணிக்கை: இத்தனை தறி, இத்தனை ஆள்.

நம் பிள்ளை பிரபுவாகலாமா?

இங்கேதான் கடினமான கேள்வி எழுகிறது. தலைமுறை தலைமுறையாகக் கீழே நிறுத்தப்பட்டவரின் பிள்ளை, திரையிலாவது மேலே நின்று பார்க்க விரும்புவது குற்றமா? “எங்கள் பாட்டன் கல் சுமந்தான், நான் கோட்டை கட்டுகிறேன். அதுகூடக் கூடாதா ஐயா?” என்று ஓர் இளைஞன் கேட்டால் என்ன விடை சொல்வது?

கூடாது என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை, அறமும் இடந்தரவில்லை. திட்டமிடவும், வகுக்கவும், ஒரு முழு ஊரையே மனத்தில் தாங்கிப் பார்க்கவும் நமக்கு நெடுங்காலம் உரிமை மறுக்கப்பட்டது. அவ்வாற்றலைப் பழகுவதில் இழிவில்லை. மேலே ஏறுவதும் குற்றமன்று. மேலே ஏறியபின் கீழே நிற்பவன் எப்படித் தெரிகிறான் என்பதே சோதனை.

எண்ணைப் பார்க்கும் விதம் இரண்டு உண்டு. கலிங்கப் போர் முடிந்தபின் அசோகன் கணக்கெடுத்தான்: சிறைப்பட்டு நாடு பெயர்க்கப்பட்டோர் 1,50,000 பேர், களத்தில் மாண்டோர் 1,00,000 பேர், அதனினும் பன்மடங்கினர் பின்னர் மடிந்தனர். விளையாட்டின் இறுதியில் திரை காட்டும் வெற்றிக் கணக்கும் இதைப்போன்றதே. ஆனால் அசோகன் அக்கணக்கைத் தன் துயரமாகப் பாறையில் வெட்டினான். எண் ஒன்றுதான், அதைப் படித்த மனம் வேறு.

பாபாசாகேப் அம்பேத்கரையும் நினைத்துப் பாருங்கள். 1942 முதல் 1946 வரை அவர் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக அமர்ந்திருந்தார். மேலிருந்து பார்க்கும் இடம்தான் அது. கோடிக்கணக்கான ஆட்கள் அங்கே தாளில் எண்ணாகவே வருவர். 1946-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைத் திருத்தச் சட்டம், ஆண்டு முழுதும் ஓடும் ஆலைகளில் வாரத்துக்கு 54 மணியாக இருந்த வேலை நேரத்தை 48 மணியாகக் குறைத்தது. ஐம்பத்து நான்குக்கும் நாற்பத்தெட்டுக்கும் இடையே உள்ளது ஆறு. தாளில் அது சிறு எண். தறிமுன் நிற்பவனுக்கோ நாளொன்றுக்கு ஒரு மணி நேரம். மாலை வெளிச்சத்தில் குழந்தையின் முகம் பார்க்கும் நேரம். மேலே அமர்ந்தும் கீழிருந்து பார்க்கத் தெரிந்தவர் அவர். 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் அவர் நம்மை அழைத்துவந்த தம்மமும் அப்பார்வையைக் கற்பிப்பதே.

ஆகவே இளைஞனுக்கு நாம் சொல்லும் விடை இது: பிரபுவாக ஆடு, பிரபுவாக ஆகிவிடாதே.

பகவான் காட்டிய கோட்டை

கோட்டையின் உவமையைப் பகவானே கையாண்டுள்ளார். அங்குத்தர நிகாயத்தின் ஏழாம் பகுதியில் எல்லைப்புறக் கோட்டை ஒன்று வருணிக்கப்படுகிறது. ஆழ நட்ட தூண், அகழி, சுற்றிவரும் உயர்பாதை, படைக்கலம், படை, வாயில் காப்போன், பூசி மெழுகிய உயர்ந்த மதில் என ஏழு அதற்கு வேண்டும். புல்லும் விறகும் நீரும், நெல்லும் வாற்கோதுமையும், எள்ளும் பயறும், நெய்யும் தேனும் உப்பும் போன்ற மருந்துப் பொருள்களும் என நால்வகைச் சேமிப்பும் வேண்டும். விளையாட்டை வகுத்தோர் இதைப் படித்திருந்தால் வியந்திருப்பர்!

பகவான் அவ்வேழையும் உள்ளத்துக்கு ஏற்றிக் காட்டுகிறார். அசையாத தூண் சத்தை, அகழி, தீமை செய்ய நாணும் நாணம், சுற்றுப்பாதை, பழிக்கு அஞ்சும் அச்சம், படைக்கலம், கற்ற கல்வி, படை, ஊக்கம், வாயில் காப்போன், சதி என்னும் விழிப்பு, மதில், ஞானம். நால்வகைச் சேமிப்பும் நான்கு தியானங்கள்.

இக்கோட்டைக்கும் திரைக்கோட்டைக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். இதைக் கட்ட எவரும் எவருக்காகவும் கல் சுமக்க வேண்டியதில்லை. எந்த ஊரையும் பெயர்க்க வேண்டியதில்லை. நெருப்பருகே எவனும் காத்து நிற்பதில்லை. பிரபுவும் கல்தச்சனும் காவலாளும் ஒருவனே. இக்கோட்டை உயர உயர வெளியே நிற்பவனுக்கு இடம் குறைவதுமில்லை.

பெற்றோர்க்கும் இளைஞர்க்கும் மூன்று பழக்கங்களைச் சொல்லி முடிக்கின்றோம்.

முதலாவது, ஆடுமுன்னரே எழும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்நேரம் வந்ததும் மதில் பாதியில் நின்றாலும் எழுந்துவிடுங்கள். பியூமாரிஸும் பாதியில் நின்றதே; உலகம் அழிந்துவிடவில்லை. எழ முடியவில்லையானால், சிற்றிலைக் கலைக்கும் குழந்தைகளை நினைத்து, சில நாள் அவ்விளையாட்டைத் தொடாதிருந்து உங்களைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, ஆடும்போது ஒரு குடியானவனைத் தேர்ந்துகொண்டு அவனையே சிறிது நேரம் பின்தொடருங்கள். அவனைத் தொட்டால் இரண்டொரு சொல் பேசுகிறான். எங்கே நடக்கிறான், என்ன சுமக்கிறான், எங்கே உறங்குகிறான் என்று பாருங்கள். தூக்குமரமும் சிறையும் நாட்டாமல், வயிறார உணவிட்டு ஆள முடிகிறதா என்று முயலுங்கள். கடினமாயிருக்கும். அக்கடினத்தை அறிவது நாளை ஊராட்சியிலோ சங்கத்திலோ அலுவலகத்திலோ பொறுப்பேற்கும்போது உதவும்.

மூன்றாவது பெற்றோர்க்கு. கதவுக்கு வெளியே நின்று வையாதீர்கள். ஒருநாள் பிள்ளையின் அருகே அமர்ந்து, “இவன் யாரப்பா? இவனுக்கு இன்று சோறு கிடைத்ததா?” என்று கேளுங்கள். உங்கள் தந்தையார் ஆலையிலோ, சுரங்கத்திலோ, பண்ணையிலோ எப்படி உழைத்தார் என்பதையும் அப்போதே சொல்லுங்கள். மேலிருந்து பார்க்கும் பிள்ளைக்குக் கீழேயிருந்து பார்க்கும் கண்ணைத் தர உங்களையன்றி வேறு யாரும் இல்லை.

விளையாட்டு சில நாளில் புளித்துவிடும், வேறொன்று வரும். மனிதரை எண்ணாகக் காணும் பழக்கம் ஒருமுறை படிந்தால் அது எளிதில் நீங்காது. அதைக் காக்கவே வாயிலில் விழிப்பு என்னும் காவலன் நிற்கிறான். அவனை உறங்கவிடாதிருப்போமாக.

நமோ புத்தாய!